கிராசியேட்டின் இடது கை

"ஏண்டி, ரெண்டு மாசமா உனக்கு வர்றது வரலையே?"

காலை மேசையில் மாமியார் தியோலிண்டா இப்படிக் கேட்டதும் கிராசியேட் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

காரணம் அவள் இடது கைத் தோலுக்கடியில் இருந்தது: தீக்குச்சி நீளத்தில் ஒரு கருத்தடைக் குச்சி. முதலில் கண்ட கண்ட நாளில் தீட்டு காட்டிவிட்டு, இப்போது அடியோடு நின்றுவிட்டது. "பயப்படாதே, பலன்ல குறையே இருக்காது" என்றார் டாக்டர். பஸ் ஓட்டப் பயிற்சி முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்பது அவளும் கணவன் ஒராசியோவும் எடுத்த முடிவு. ஆனால் குடியிருப்பு போர்ச்சுகலின் செதுபால் துறைமுக ஊரில், மாமியார் வீட்டில். நாற்பத்தாறு வயது விதவையான அந்த அம்மாளுக்கோ உடனே பேரன் வேண்டும்.

"பயிற்சியில அலைச்சல், அத்தை."

"அலைஞ்சா இடுப்பு பெருக்குமாடி?"

மதியத்துக்குள் தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது. மீன்காரி வாழ்த்துச் சொல்லி மத்தி கொடுத்தனுப்பினாள். கிராசியேட் மருந்துக்கடைக்கு ஓடி, கர்ப்பப் பரிசோதனை செய்து, கர்ப்பமில்லை என்று காட்டிய பட்டையை மாமியாரிடம் நீட்டினாள்.

"பாருங்க அத்தை, ஒரே கோடு!"

தியோலிண்டா கண்ணாடி மாட்டிப் பார்த்தாள். "ஒரே பிள்ளைதானா? போகட்டும், இரட்டைன்னா உனக்குத்தான் கஷ்டம்."

மகிழ்ச்சியில் மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விரல் சரியாக இடது கையில் பட்டது.

"என்னடி இது, உள்ள குச்சியாட்டம்?"

"துடைப்பக்கட்டைச் சிராய் அத்தை. குத்திடுச்சு."

"சிராயா! வயித்துப்பிள்ளைக்காரிக்குச் சீழ் வெக்கவா? கிளம்பு!"

ஒராசியோ உதவிக்கு வருவான் என்று திரும்பிப் பார்த்தாள். அவன் தன் மீன்பிடிப் படகைப் பார்க்கப் போய்விட்டிருந்தான்.

சுகாதார நிலையத்தில் பாதித் தெருவும் உட்கார்ந்திருந்தது. "என் மருமக கையைக் கீறி அதை எடுங்க!" என்று தியோலிண்டா வாசலிலிருந்தே கத்தினாள். கீறினால் குச்சி போச்சு, பயிற்சியும் போச்சு. கிராசியேட்டுக்கு அழுகை வெடித்தது.

"அது சிராய் இல்ல அத்தை, கருத்தடைக் குச்சி! நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெச்சோம். வீட்டை விட்டுப் போகச் சொன்னா போறோம்."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். தியோலிண்டாவின் முகம் சிவந்தது.

"எங்க குடும்பத்துல எவடி இந்தக் கண்றாவியை வெச்சிக்கிட்டா?"

உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அட, தியோலிண்டா அக்கா! மூணு வருஷம் முடிஞ்சிருச்சே, உங்க கையில இருக்கிற குச்சியை மாத்தத்தானே வந்தீங்க?"