அம்மா அணில் எங்கே?

"அப்பா, அம்மா அணில் எங்க?"

இன்ஸ்பெக்டர் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு மஞ்சள் கண்களோடு ஒரு கரிய நிழல் வந்து, பொந்திலிருந்த அம்மா அணிலை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. படத்தை நிறுத்திவிட்டார்தான். ஆனால் ஒரு நொடி பிந்திவிட்டது.

இன்ஸ்பெக்டர் என்றதும் பயந்துவிட வேண்டாம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அடுக்குமாடிகளில் லிஃப்ட்டைச் சோதித்து 'பாதுகாப்பானது' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற உத்தியோகம். கெடுபிடிக்காரர் என்று பெயர். லிஃப்ட் மேலே போனால் மட்டும் அவருக்குப் போதாது. திரும்பக் கீழே வந்து கதவு திறந்தால்தான் ஒட்டுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கார்ட்டூன் படம் நாலு வயதுக் குழந்தைக்கு ஏற்றதா என்று பார்க்கத் தெரியாதா என்ன?

மனைவியின் புது ஆபீஸில் கொடுத்தனுப்பிய படம் அது. "கொஞ்சம் பயமா இருக்குமாம். பரவாயில்ல, முழுசா பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே துணி தேய்க்கப் போயிருந்தாள்.

நாளை அவளுக்கு வேலையில் முதல் நாள். போன வருஷமும் ஒரு வேலை கிடைத்தது. மகள் வாசலில் அழுத அழுகையில், கிளம்பியவள் திரும்பி வந்து கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டாள். "இந்தத் தடவையும் அவ அழுதா நான் போகமாட்டேங்க. அப்புறம் எப்பவுமே போகமாட்டேன்" என்று நேற்று சொல்லியிருந்தாள்.

"சொல்லுப்பா, அம்மா அணில் எங்க?"

"அது... வேலைக்குப் போயிருக்குடா குட்டி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் மெல்லத் திரும்பி, இஸ்திரிப் பெட்டி ஓசை வருகிற அறையைப் பார்த்தாள்.

"தூக்கிட்டுப் போச்சே, அந்த நிழல் யாரு?"

"அது நிழல் இல்லம்மா. அவங்க ஆபீஸ் வேன்."

"வேனுக்குக் கண்ணு இருக்குமா?"

"அது லைட்டு."

இதோடு விட்டிருக்கலாம். அடுத்து ஏதாவது சிரிப்புக் காட்சி வரும், பிள்ளை மறந்துவிடும் என்று படத்தைக் கொஞ்சம் தள்ளி ஓட்டினார். குட்டி அணில் கொட்டும் மழையில் தன்னந்தனியாக விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. டிவியையே அணைத்துவிட்டார்.

"குட்டி அணில் ஏன் அழுது?"

"அழலம்மா. சளி புடிச்சிருக்கு. மூக்கை உறிஞ்சுது."

"அதோட அம்மா வந்து துடைச்சு விடலையா?"

"அதான் வேலைக்குப் போயிருக்கே!"

மகளின் உதடு பிதுங்கியது. இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது.

"நம்ம அம்மா வேன் அப்படி இருக்காதுடா! வெள்ளை வெளேர்னு இருக்கும். லைட்டே போடாது. அப்பா சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

மகள் தலையாட்டினாள். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது தும்மல் வர, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, தும்மிடு" என்றாள் அம்மா.

"வேண்டாம். எனக்குச் சளி புடிச்சா நீ போயிடுவ."

மனைவி கணவனைப் பார்த்தாள். "படம் எப்படிங்க இருந்துச்சு?"

"குழந்தைங்களுக்கு லாயக்கே இல்லாத படம். பாதியிலேயே நிறுத்திட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர், ஸ்டிக்கர் தர மறுக்கிற அதே குரலில். "யாரு இதையெல்லாம் தேர்ந்தெடுத்துக் குடுக்குறாங்களோ!"

காலையில் மனைவியின் ஒரு செருப்பைக் காணவில்லை. கட்டிலுக்கடியில், அலமாரியில் என்று தேடி, கடைசியில் ஃப்ரிட்ஜில், தக்காளிக்குப் பக்கத்தில் கிடைத்தது. ஜில்லென்றிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். மகள் அவள் காலை உடும்பாகப் பிடித்திருந்தாள்.

"வெள்ளை வேன்தானேப்பா?"

"சத்தியமா வெள்ளைதான்."

தூறிக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பி ஆபீஸ் வேன் வந்தது. கன்னங்கரேல் என்று கறுப்பு. மழைக்காக முன்னால் இரண்டு மஞ்சள் விளக்குகளையும் எரியவிட்டிருந்தார் டிரைவர்.

"நிழல் வந்துடுச்சு! அம்மாவைத் தூக்கப் போகுது!"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. இன்ஸ்பெக்டர் பதறிப்போய் வேனுக்கு எதிரே ஓடி, "லைட்டை அணைங்க! லைட்டை அணைங்க!" என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். டிரைவருக்கு அது என்னவென்று புரியவில்லை. மரியாதைக்கு ஹாரன் அடித்தார். நிழல் உறுமிவிட்டது! மகளின் அலறல் இரட்டிப்பானது.

மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகக் குனிந்து செருப்பின் வாரைக் கழற்ற ஆரம்பித்தாள். "விடுங்க. நான் போகல." கண் நிறைந்திருந்தது. அந்த நிமிஷம் தன்னையே பூட்டி சீல் வைத்துவிடலாம் போலிருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

டிரைவர் குடையோடு இறங்கி வந்தார்.

"என்ன சார், பாப்பா இப்படி அழுது?"

"எல்லாம் உங்க ஆபீஸால வந்தது!" என்று வெடித்தார் இன்ஸ்பெக்டர். "ஒரு அணில் படத்தைக் குடுத்து விட்டிருக்காங்க. நிழல் வந்து அம்மாவைத் தூக்கிட்டுப் போகுதாம்! சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்டுற படமா அது?"

டிரைவர் குழம்பிப்போய் அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதுசா சேர்ற அம்மாங்க வீட்டுக்கெல்லாம் அதைத்தானே சார் குடுக்குறாங்க? கடைசியில அந்த நிழலே அம்மா அணிலைச் சாயங்காலம் பத்திரமா வீட்டு வாசல்ல கொண்டுவந்து இறக்கி விட்டுட்டு, டாட்டா காட்டிட்டுப் போகுமே... திரும்பி வர்றதை நீங்க பார்க்கவே இல்லையா?"