காலத்தின் கண்ணீரும் ஒரு வாஷரும்

இருபதாம் நூற்றாண்டு மனிதகுலத்துக்கு வழங்கிய கொடைகளில் தலையாயது, கேன்டர்பரி நகரில் பெரில் அம்மையாரின் குளியலறையில் ஒழுகும் குழாய். மிகையாகச் சொல்லவில்லை. 1967இல் அவர் கணவர் டெஸ்மண்டும் நண்பர்களும், எதிரொலி நன்றாக வருகிறதென்று அந்தக் குளியலறைக்குள் புகுந்து, 'ஊதா வானத்தின் உள்பாக்கெட்' என்ற சைகடெலிக் ராக் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் இசைத்தட்டில் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்கும். பத்திரிகைக்காரர் விசாரித்தபோது, "அது காலத்தின் கண்ணீர்" என்று டெஸ்மண்ட் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். உலகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கண்ணீரின் பொருள் தேடி இளைஞர்கள் தலைமயிர் வளர்த்தார்கள், வேலையை விட்டார்கள். பிறகு வழுக்கை விழுந்து, வங்கி மேலாளராகி, பேரன்களோடு யாத்திரை வந்தார்கள். குளியல்தொட்டி ஓரமாக வரிசையில் நின்று கண்மூடிக் கேட்டார்கள். பெரிலுக்குக் குளிக்க வேண்டுமென்றால் அவரும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அவர் கட்டிலுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். கண் அசந்தால் ஒரு சொட்டு. பாவம், அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது.

போன வசந்தத்தில் பெரில் ஒரே போடாகப் போட்டார். "இந்தா பாரு டெஸ், ஒண்ணு அந்தக் குழாய் வாஷரை மாத்து. இல்லேன்னா நான் போர்ன்மத்துல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

"மாத்திடலாம் செல்லம்" என்றார் டெஸ்மண்ட். ஆனால் குழாய் 'பாரம்பரியச் சின்னம்' ஆயிற்றே! அதில் கைவைக்க அனுமதி வழங்கும் குழு, திருமதி ஃபென்விக் தலைமையில், தேநீரும் பிஸ்கட்டுமாகக் குளியலறையிலேயே கூடியது.

டெஸ்மண்ட் தொண்டையைக் கனைத்தார். "உண்மையைச் சொல்லிடறேன். அது காலமும் இல்ல, கண்ணீரும் இல்ல. வாஷர் தேஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

ஃபென்விக் பரிவோடு புன்னகைத்தார். "படைச்சவருக்கே தன் படைப்பு புரியாம போறது சகஜந்தான் சார். உங்க அடக்கத்தையும் குறிப்புல ஏத்திடறோம்."

டெஸ்மண்டுக்கு முகம் பூரித்துவிட்டது. "யோசிச்சுப் பார்த்தா... கண்ணீராவும் இருக்கலாம்."

"அடப்பாவி!" பெரில் ஃபென்விக் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அம்பது வருஷத்துக்கு மேல இந்தப் பாழாப்போன சொட்டு என்னைத் தூங்கவே விடல. அதையும் எழுதிக்குங்க!"

ஃபென்விக் மறுக்காமல், அக்கறையாக எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்: "பண்பாட்டுத் தாக்கம்: அரை நூற்றாண்டு கடந்தும் இந்த ஆல்பம் மக்களைத் தூங்கவிடுவதில்லை. எனவே குழாயை எவரும் தொடலாகாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கைதட்டியவர் டெஸ்மண்ட்.