அடைக்கலம் சொல்லிவைத்த சீட்டு

விஜயராணி சண்டை போடாமல் சம்மதித்தபோதே அடைக்கலத்துக்குச் சந்தேகம் தட்டியது.

பள்ளிக்கூடத் தோழிகள் ஆறு பேரோடு பத்து நாள் இலங்கை போய்வர அவளுக்கு ஆசை. திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் புருஷன் துணையில்லாமல் போன அதிகபட்ச தூரம் சமயபுரம். காட்டூர் வீட்டில் அடைக்கலத்துக்குத் துணையில்லாமல் செய்யத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர். நேரம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். கடல் தாண்டுவது ஆகாது என்றார். எதுவும் எடுபடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சுபஸ்ரீ என்றொரு பெண் டாரோ சீட்டு போட்டுப் பலன் சொல்வதாக விஜயராணி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. "அங்க கேட்டுடுவோம். சீட்டு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு" என்றார்.

"சரிங்க" என்றாள். ஒரே வார்த்தை. அவள் பேச்சை ஒரே வார்த்தையில் முடித்து அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் முசிறி வாழைக்காய் மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பூவன் தாரோடு சுபஸ்ரீ வீட்டு மாடி ஏறினார். பயணம் வேண்டாம் என்று சொல்கிற சீட்டு வந்தாக வேண்டும் என்றார். கெஞ்சுவதற்கும் தயாராகத்தான் போயிருந்தார். அந்தப் பெண்ணோ உடனே தலையாட்டி, இடி விழுந்து எரிகிற ஒரு கோபுரத்தைக் காட்டினாள். அதிலிருந்து இரண்டு பேர் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தார்கள். போதும் என்று இறங்கினார். இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டாளே என்ற சந்தேகமும் கூடவே இறங்கி வந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். சுபஸ்ரீ கட்டைக் கலைத்தாள். கலைக்கிற விரலை விட்டு அடைக்கலம் கண்ணை எடுக்கவில்லை. முதல் சீட்டு, சொன்னபடி கோபுரம். அவருக்கு மூச்சு வந்தது.

விஜயராணி பதறவில்லை. கோபுரமாயிற்றே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "விழறது யாருன்னு தெளிவா இல்லையேம்மா. கூட ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்றாள்.

ஒன்று போதாதா என்றார் அடைக்கலம். புரியாவிட்டால் இன்னொன்று எடுப்பது வழக்கம்தான் என்று சொல்லி சுபஸ்ரீ அடுத்ததைத் திருப்பினாள். ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்கும் ஓர் ஆண்பிள்ளை. ஆக, ஆபத்து புருஷனுக்கு. அது விலக வழி உண்டா என்று விஜயராணி கவலையோடு கேட்டாள். மூன்றாவதாக ஒரு தேர் வந்தது. பெண்சாதி பயணம் போனால் விலகுமாம். கூடவே புருஷனும் போகலாமா என்று அடைக்கலம் அவசரமாகக் கேட்டார். நாலாவது சீட்டில் தாடிக் கிழவர் ஒருவர் விளக்கும் கையுமாகத் தனியாக நின்றார்.

"சார் பத்து நாளும் வீட்டுல தனியா இருக்கணும். தானே சமைச்சுச் சாப்பிடணும். ஹோட்டல் கூடாது" என்றாள் சுபஸ்ரீ.

ஐந்தாவது சீட்டு கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கீழே வந்ததும் விஜயராணி போனில், "சீட்டு எடுத்தாச்சுடி" என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தச் சீட்டு என்று அவர் கேட்கவில்லை. குடையை விட்டுவிட்டேன் என்று மறுபடி மாடி ஏறி, பின்னால் வந்த மூன்றும் எப்படி வந்தன என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

சுபஸ்ரீ சற்றுத் தயங்கினாள். "அது போன வாரமே அம்மா வந்து சொல்லிவச்சது சார். நீங்களும் வருவீங்கன்னாங்க."

ஆனாலும் அடைக்கலத்துக்கு ஓர் ஆறுதல் மிச்சமிருந்தது. "முதல் சீட்டு நான் சொன்னதுதானே?"

"ஆமா சார். அம்மாகிட்ட கேட்டேன். பாவம், ஒண்ணாவது அவர் இஷ்டப்படி வரட்டும்னுட்டாங்க."