எந்தப் பங்கிலும் விழாதவள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அங்கே வெளிநாட்டில் நீயும், உன் வீட்டுக்காரியும், அந்தப் பெரிய அண்டாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அண்டாவை எதற்கு விசாரிக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

ஊரில் சண்டை வந்து படகேறினோம், நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனது, சரக்குக் கப்பல்காரன் ஒருவன் எங்களை அள்ளிக்கொண்டுவந்து துறைமுகத்துக் கொட்டகை ஒன்றில் இறக்கிவிட்டான். படகில் பாரம் கூடிப்போச்சு என்று என் பித்தளைக் குடத்தைக் கடலில் எறிந்தவள் என் மருமகள். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. எங்களை ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றுக்கொள்வதாக மூன்று நாட்டுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குள், தையல்காரர் எனக்கு, நர்சம்மா எனக்கு என்று சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒரே இழுபறி. எனக்குப் பொறுக்கவில்லை. "பங்கு போடுறவங்க கடைசியிலதான் எடுக்கணும், அதுதான் ஞாயம்" என்றேன். மொழிபெயர்க்கிற பெண் அதைச் சொன்னதும் மூவரும் தலையாட்டினார்கள், ஆனால் பங்கு போட ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் எடுக்க யாருக்கு மனசு வரும்? தொப்பிக்கார அதிகாரி, "பாட்டியே போடட்டும்" என்றுவிட்டார்.

போட்டேன் தம்பி. பங்குக்கு ஒரு கைத்தொழில்காரர், ஒரு அழுமூஞ்சிக் குழந்தை, ஒரு குறட்டைக்காரர், ஒரு கோள்மூட்டி. மருமகளையும் பேரனையும் கண்ணில் படாத மூலைப் பங்கில் தள்ளினேன். நாட்டுக்காரர்கள் ஒரு குறையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் மொழிபெயர்க்கிற பெண், "பாட்டி, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். பந்தி பரிமாறினவள் தனக்கு இலை போட மறந்த கதையாகிவிட்டது.

உடனே மூவருக்கும் என்மேல் எங்கிருந்துதான் அத்தனை பாசம் வந்ததோ! "எங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி, பாட்டிக்கு ஒத்துக்காது." "எங்க ஊர்ல எல்லாம் மாடிப்படி, பாவம், முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" மூன்றாமவர், "அவங்க மத்த ரெண்டு இடத்துல சந்தோஷமா இருப்பாங்க" என்றார்.

இந்தப் பேச்சை நான் முன்னமே கேட்டிருக்கிறேன். அப்பா போன பிறகு பாத்திரம் பண்டமெல்லாம் நீயே பங்கு போட்டு, நீயே முதலில் எடுத்தாய். அண்டா உனக்கு, குடம் எனக்கு. எல்லாம் முடிந்து பார்த்தால் அம்மா எந்தப் பங்கிலும் இல்லாமல் கதவோரம் நிற்கிறாள். "அக்கா வீட்லதான் காத்து நல்லா வரும்" என்றாய். ஒரே ஒரு சன்னல் இருந்த வீடு அது.

இப்போது கதவோரம் நிற்பது நான். சொந்தக்காரர் யாராவது ஏற்றால் அனுப்புவோம் என்கிறார் அதிகாரி. உன் பெயரை நான் சொல்லவில்லை. இந்தக் கொட்டகையிலேயே கிடந்தாலும் கிடப்பேனே தவிர, உன் வாசல்படி மிதிக்க மாட்டேன். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மருமகள் வந்து என் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். "எங்க மாமியார் வண்டி ஏறாம நானும் ஏற மாட்டேன். இவங்க எங்க பங்கு" என்றாள். பேரனும் உட்கார்ந்தான். அந்தப் பங்கே, குறட்டைக்காரர் உட்பட, உட்கார்ந்துவிட்டது. மாடிப்படிக்காரர் வேறு வழியில்லாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார். அது நீ குடியேறின நாடாம். சொந்தக்காரர் யாரென்று கேட்டார்கள், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். குடத்தை நான் மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம். கடல் உப்பு இன்னும் உடம்பில் அரிக்கிறது. அண்டாவைத் துலக்கி வை, எங்கள் மூன்று பேருக்கும் வெந்நீர் வேண்டும்.