சீற்றுக்கு அடியில் இருந்த கம்பனி

கொழும்பில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் அவருடைய ஊரையும் மதத்தையும் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். என்ன வாகனம் என்பதை மட்டும் நேரடியாகக் கேட்பார்கள். பதில் கிடைத்ததும் கேட்டவர் முகத்தில் இரண்டில் ஒன்று தோன்றும்: சொந்தக்காரரைக் கண்ட மகிழ்ச்சி, அல்லது ஆழ்ந்த அனுதாபம். இரண்டுக்கும் நடுவில் எதையும் நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் இந்த நோய் கொஞ்சம் முற்றியிருந்தது. அப்பாவிடம் இருப்பது ஒரு ஜப்பான் கம்பனியின் சிறிய வான். அந்தக் கம்பனியை அவர் ‘எங்கட’ என்றுதான் சொல்லுவார். (அவர் வேலை பார்த்தது காப்புறுதி அலுவலகம் ஒன்றில். ஜப்பானுக்குப் போனதில்லை. விமான நிலையத்துக்குப் போனதே மற்றவர்களை ஏற்றி இறக்கத்தான்.) கொட்டாஞ்சேனையில் மருந்துக் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி அன்ரன் மாமாவிடம் இருப்பது வேறொரு ஜப்பான் கம்பனியின் வான். அந்தக் கம்பனியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அது ‘மற்றது’. வளர்ந்த முறைப்படியே நானும் எழுதிவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குச் சாப்பிட வருவார். எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே இரண்டு வான்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே கண்ணாடி, ஒரே கதவு, ஒரே உயரம். முன்பக்கக் கிறிலும் அதில் ஒட்டியிருந்த சின்னமும் மட்டும்தான் வேறு. மற்றது எங்கடையைப் பார்த்துக் கொப்பி அடித்தது என்பது அப்பாவின் விளக்கம். கொப்பி அடிக்கிறவன் முகத்தைக் கொஞ்சம் மாற்றத்தானே வேண்டும் என்பார். மாமாவிடம் கேட்டால் இதையே தலைகீழாகச் சொல்லுவார்.

ஆனால் உள்ளே இரண்டும் வானமும் பூமியும் என்பதில் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது. அப்பா விருந்தாளிகளைக் கீழே கூட்டிப்போய் இரண்டு கதவையும் சாத்திக் காட்டுவார். எங்கட கதவு ‘டப்’ என்று மூடும். மற்றதின் கதவு பிஸ்கற் தகரம் போலச் சத்தம் போடும். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். அதோடு விடவில்லை. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, அதிர்வியலில் நல்ல பெறுபேறு எடுத்தவள் என்ற தகுதியில், இரண்டு எஞ்சினையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எங்கடையில் அதிர்வு குறைவு என்று தொழில்முறைக் கருத்தும் வழங்கினேன்.

ஓய்வுபெற்ற பிறகு அப்பாவுக்கு வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. (அதிகாரம் முன்பும் இருந்ததில்லை.) வெள்ளவத்தையிலும் பக்கத்திலும் எங்கட வாகனம் வைத்திருக்கும் தமிழ் பேசும் ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரு சங்கம் தொடங்கினார். முதல் ஒன்றுகூடலை ஹெவ்லொக் டவுனில் ஒரு மண்டபத்தில் வைத்து, அன்றே தலைவரைத் தெரிவு செய்வதாக ஏற்பாடு. தலைவர் அப்பாதான் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மாதமாக அவர் கண்ணாடிக்கு முன் நின்று ஏற்புரை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் முப்பது வருடமும் யாரோ ஒருவருக்குக் கீழேயே இருந்தவர். பள்ளிக்கூடத்தில்கூட வகுப்புத் தலைவராக இருந்ததில்லை என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஒன்றிலாவது முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இவ்வளவு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சங்கத்தின் விதிகளையும் அப்பாவே எழுதினார். அதில் முதலாவது: எமது கம்பனி தயாரித்த வாகனத்தை வைத்திருப்பவரே அங்கத்தவராகவும் தலைவராகவும் இருக்கலாம். மற்றதுக்காரர் யாரும் பின்கதவால் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. ஆனால் மாமாவைப் பார்வையாளராக அழைத்திருந்தார். தோற்றவர் பார்க்காத வெற்றியில் என்ன சுவை?

கம்பனியின் வரலாற்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒழுங்கான பிள்ளை. வேலையை மூன்றாகப் பிரித்தேன்: வரலாறு, உரிமையாளர் கருத்து, தொழில்நுட்பம்.

வரலாறு சுகமாக முடிந்தது. வயலுக்கு நீர் இறைக்கும் பம்ப் திருத்திக்கொண்டிருந்த ஒருவர் தொடங்கிய பட்டறை, பிறகு மூன்று சில்லு லொறி, பிறகு கையடக்கமான கார், கடைசியில் உலகமெல்லாம் கப்பல் கப்பலாக ஏற்றுமதி. கண்ணீர் வரவழைக்கக்கூடிய கதை.

உரிமையாளர் கருத்துத்தான் சிரமப்படுத்தியது. யாருமே குறை சொல்லவில்லை. மருதானையில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாரூக் நானா, தன் வானில் ஒரு குறையும் இல்லை, ஏசி மட்டும் வேலை செய்யாது என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை இராஜேஸ்வரி மிஸ், தன் பழைய குட்டிக் கார் தங்கமானது, இடப்பக்கக் கதவை வெளியில் இருந்து யாராவது திறந்துவிட்டால் போதும் என்றார். இன்னொருவர், எஞ்சின் கொதித்தால் ஊற்றத் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் தெமட்டகொடைப் பாலம் ஏறுவதில்லை. அதைக் குறை என்று எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “அது பாலத்தின்ர பிழை தங்கச்சி” என்றார்.

மூன்றாவது பகுதிக்காக முதல்நாள் பின்னேரம் ஜப்பான் உதிரிப்பாகப் பட்டியல்களைத் துருவியபோதுதான் அது கண்ணில் பட்டது. அப்பாவின் வானை எங்கட கம்பனி செய்யவேயில்லை. ஜப்பானில் ஒரு கம்பனி செய்யும் வாகனத்தை இன்னொரு கம்பனி வாங்கித் தன் சின்னத்தை ஒட்டி விற்பது சாதாரண விடயம். எங்கட வான் முழுவதையும், திருகாணி உட்பட, செய்து கொடுத்தது மற்றது.

சாதாரண மனிதராக இருந்தால் கணினியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். நான் வேறு இரண்டு இடங்களில் சரிபார்த்தேன். பிறகு, ‘நம் வானின் உண்மையான பிறப்பிடம்’ என்று தலைப்புப் போட்டு, இரண்டு வான்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு சமன் அடையாளமும் போட்டேன். சுவாரசியமான தகவல், அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மாமா அம்மாவின் பலகாரப் பெட்டிகளைத் தன் வானில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பற்றிஸோடு அமர்ந்திருந்தார். பம்ப் திருத்தியவர் கதைக்குக் கைதட்டல் கிடைத்தது. நான் நிதானமாக அடுத்த படத்துக்குப் போனேன். சமன் அடையாளம் திரையில் தோன்றியது. நான் விளக்கினேன். தெளிவாக விளக்குவதில் எனக்குப் பெயர் உண்டு. யாருக்கும் சந்தேகம் வராதபடி விளக்கினேன்.

மாமாவின் பற்றிஸ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“மகள்,” என்றார் பாரூக் நானா, “அந்தப் படத்த இன்னொருக்காக் காட்டுங்க பாப்பம்.”

படம் திரையிலேயேதான் இருந்தது. சுட்டிக் காட்டினேன்.

“பிள்ளை,” என்றார் அப்பா, “அது பிழையான தகவல்.”

இந்த இடத்தில் “ஓம் அப்பா, இருக்கலாம்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“இல்லையப்பா, நான் மூண்டு இடத்தில சரிபார்த்தனான். வேணுமெண்டா கீழ போய்ச் சீற்றைத் தூக்கிப் பார்ப்பம். எஞ்சின் அதுக்கு அடியிலதானே. அச்சு அடிச்சிருக்கும்.”

எல்லோரும் கீழே போனார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையை அழைக்கப் போகிற கூட்டம் போல, ஆனால் நாதஸ்வரம் இல்லாமல். அப்பாவின் முன் சீற் ஜப்பானில் இருந்து வந்த பொலித்தீன் உறையோடுதான் இன்றுவரை இருக்கிறது. (அம்மா சீற்றின் துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை. வெயிலில் சேலை ஒட்டும், கழற்ற அனுமதி இல்லை.) அந்தப் பொலித்தீன் சரசரக்க நான் சீற்றைத் தூக்கினேன். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அடித்தேன். எஞ்சின் பகுதி ஒன்றின் மேல், பெயர் சொல்லக் கூடாத கம்பனியின் சின்னம், நேற்று அடித்தது போலத் தெளிவாக இருந்தது. இன்னொரு பகுதியைக் காட்டினேன். அதிலும் இருந்தது. மூன்றாவதையும் காட்டப் போனபோது, “போதும் பிள்ளை, தெரியுது” என்றார் யாரோ.

மண்டபக் காவலாளி ஓடிவந்து விபத்தா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, குடும்பப் பிரச்சினை என்று மாமா சிங்களத்திலேயே சொல்லி அனுப்பினார்.

“அப்ப நாங்க இவ்வளவு காலமும் யாருட வாகனத்த ஓட்டிட்டு இருந்திருக்கோம்?” என்றார் பாரூக் நானா. அவரிடமும் அதே வான்தான். அங்கிருந்தவர்களில் பாதிப் பேரிடம் அதே வான்தான். பிறகு அவர் அப்பாவிடம் கேட்கக் கூடாததைக் கேட்டார். “தேவா அண்ணன், நீங்க எழுதின முதலாம் விதி என்ன?”

எமது கம்பனி தயாரித்த வாகனம். ஏற்புரை எழுதிய தாள் அப்பாவின் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் ஒரு விரலால் உள்ளே தள்ளினார். அந்த விரலைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. மூளை என்று ஒன்று எனக்கு இருக்கிறதென்றால், அது அன்று மண்டபத்துக்குப் பிந்தி வந்து சேர்ந்தது.

இராஜேஸ்வரி மிஸ்ஸின் குட்டிக் காரை எங்கட கம்பனியே செய்தது, விதிப்படி பார்த்தால் அவர்தான் தலைவராகலாம் என்று ஒரு குரல் எழுந்தது. மிஸ் தனக்கு ஒன்றும் வேண்டாம், சாப்பாடு ஆறுகிறது என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நிமிடம் இதுதான். எங்கட என்று ஒன்றே இல்லை, எல்லாமே மற்றதுதான் என்று ஒரே வசனத்தில் அப்பாவை முடித்துவிடலாம். மாமா பற்றிஸை விழுங்கிவிட்டு முன்னுக்கு வந்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார். “அக்கா, நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பேக்க எப்பிடிப்பட்ட கொக்கிஸ் வைக்கிறனீ?”

கிறிஸ்மஸுக்குப் பொரிக்கும் அச்சுப் பலகாரத்துக்கும் வானுக்கும் என்ன தொடர்பு என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. “முழுசாப் பார்த்துத்தான் வைப்பன்.”

“உடைஞ்சது?”

“அது எங்களுக்கு.”

“அவ்வளவுதான் விஷயம்,” என்று மாமா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “ஜப்பான்காரனும் மனிசன்தானே. மற்ற வீட்டுக்குச் செய்து குடுக்கேக்க முழுசாப் பொறுக்கித்தான் குடுத்திருப்பான். அத்தானிட்ட இருக்கிறது முழுசு. என்னட்ட இருக்கிறதுதான் உடைஞ்சது. அதுதானே, கதவுச் சத்தத்திலயே தெரியுதே.”

பக்கத்தில் நின்ற தன் வானின் கதவைத் திறந்து சாத்தினார். பிறகு அப்பாவின் கதவைச் சாத்தினார். கூட்டம் உன்னிப்பாகக் கேட்டது.

“ஓம், வித்தியாசம் இருக்கு,” என்றார் பாரூக் நானா. “இது பாரமான சத்தம்.”

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் இருந்து, ஒரே வரிசையில், ஒரே கதவோடு வெளியே வருகின்றன, பொறுக்குவதற்கு அங்கே ஆள் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா தன் செருப்பை என் காலின் மேல் வைத்தார். முழுப் பாரத்தையும் வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. முதலாம் விதியில் ‘தயாரித்த’ என்பதை ‘பொறுப்பேற்ற’ என்று மாற்றினார்கள். கை உயர்த்தச் சொன்னபோது வான்காரர்கள் இரண்டு கையையும் உயர்த்தினார்கள். தங்கள் அங்கத்துவமும் அதில் தொங்கிக்கொண்டிருந்ததே. அப்பா தலைவரானார். ஏற்புரையைத் தாளைப் பார்க்காமலே சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, சட்டைப் பையைக் கையால் அழுத்திக்கொண்டார். கம்பனியின் வரலாற்றை நினைத்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று இரவு மாமா தொலைபேசியில் அம்மாவிடம், அத்தான் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது, வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாராம். ஆனால் சொன்னது சொன்னதுதான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா விருந்தாளிகளிடம், “மச்சானே எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொண்டவர்” என்று தொடங்குவார். மாமா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவார். “நீ படிச்ச படிப்பு எனக்கெல்லோ வினையா வந்தது” என்று என்னிடம் மட்டும் சொல்லுவார். நான் கண்டுபிடித்த தகவல் இப்போது அப்பாவின் முக்கிய ஆதாரம்: எங்கட வான் எவ்வளவு உயர்ந்ததென்றால், மற்றதே அதைப் பயந்து பயந்து செய்து கொடுத்திருக்கிறது. உண்மையை நீங்கள் ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தால் அதற்குப் பிறகு அது உங்களுடையதல்ல.

எனக்குக் கிடைத்தது ஒரு வசனம். யாராவது ஒரு சுகமான பொய் சொல்லும்போது நான் மூச்சை உள்ளே இழுத்தால், உடனே எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: “சீற்றைத் தூக்காத.” மாமி தன் வயதைச் சொல்லும்போது வரும். அம்மா கடையில் வாங்கிய கேக்கை வீட்டில் செய்தது என்று பரிமாறும்போது வரும். மாமாவின் சின்ன மகனுக்கு இது எங்கே தொடங்கியது என்பதே தெரியாது, அவனும் சொல்லுகிறான்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளை நன்றாகச் சமைப்பாள், முக்கியமாகப் பால் அப்பம் என்று அம்மா சொன்னார். நான் மூச்சை இழுத்தேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், “பிள்ளை, சீற்” என்றார். நான் அடங்கினேன். பதிலுக்கு மாப்பிள்ளையின் தாய், தன் மகனுக்குக் கோபம் என்பதே வராது, கிரிக்கெற் பார்க்கும்போதுகூட அமைதியாக இருப்பான் என்றார்.

மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைக் கண்டேன். பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா, சிரித்த முகம் மாறாமல், அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.