துப்பாக்கியின் வயது

“புளி போட்டுத் தேய்க்காதேன்னு சொன்னேனா இல்லையா—”

“தேய்க்காம நம்பர் எப்படிங்க தெரியும்? நூறு வருசத்து அழுக்கு—”

“நூறுன்னு நீயே சொல்லிட்டே பாத்தியா! நூறு தாண்டிட்டா நம்மகிட்டயே இருக்கும்!”

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டும் ஜகபர் அலியின் மடியில் பிரெஞ்சுத் துப்பாக்கி கிடந்தது. பாட்டன் காலத்திலிருந்து வீட்டுச் சுவரில் தொங்குவது. போன வாரம் கான்ஸ்டபிள் பச்சைமுத்து எட்டிப் பார்த்து, “இதுக்கு இன்னா வயசுன்னு விசாரிச்சு வையுங்க பாய். வெள்ளிக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பழசென்றால் விட்டுவிடுவார்கள், புதுசென்றால் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று ஜகபர் அலி தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். அது இல்லாத சுவரை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு” என்று படித்தாள் மனைவி ஜாஹிதா பேகம். “வருசமா இது? அப்ப இன்னும் பொறக்கவே இல்லீங்க!”

“அது வரிசை நம்பர். வயசைச் சொல்றது முத்திரை. சுட்டுப் பாத்து, குழாய் தாங்குச்சுன்னா சீமையில அடிக்கிறது.”

“எத்தினி இருக்குது?”

“ஒண்ணே ஒண்ணு. குறுக்கால ரெண்டு ஓலை போட்ட முத்திரை.”

“ஒண்ணுதானா? அனந்தபுரம் கரீம் அண்ணன் துப்பாக்கியில வரிசையா இருக்குமே!”

அது போதும். முத்திரை கூடினால் வயசும் கூடும் என்று ஜகபர் அலி கணக்குப் போட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் அனந்தபுரம் போய், கரீமின் துப்பாக்கி மேல் காகிதம் வைத்து, பென்சிலால் உரசி முத்திரைகளை எடுத்துவந்தார். அண்டா குண்டானில் ஊர்ப்பட்ட பேரை வெட்டிய உளி, ‘பி’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளை அச்சு அசலாக வெட்டியது. புது வெட்டு பளபளவென்று காட்டிக்கொடுத்தது. உப்புத் தண்ணீர் தடவி வெயிலில் வைத்தார். துரு எழுத்தோடு நிற்காமல் குழாய் முழுக்க ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை, வயசு பார்த்துச் சொல்லப் பச்சைமுத்து வரவழைத்த துப்பாக்கி ரிப்பேர் ராமகிருஷ்ணன் பாண்டிச்சேரியிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார். பச்சைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்.

“பி, டியா? போச்சு பாய்” என்றார் ராமகிருஷ்ணன். “புகையில்லாத வெடிமருந்துக்குப் போடுற முத்திரை, பிற்காலத்துது. இதுக்கு எழுபது வயசுகூட ஆவல.”

ஜகபர் அலி கதவுப் பக்கம் திரும்பினார்.

“சொல்லித் தொலைங்க!” என்றாள் ஜாஹிதா, கதவுக்குப் பின்னாலிருந்து.

“சொன்னா ஜெயிலுடி!”

“சொல்லாங்காட்டி துப்பாக்கி பூடும்!”

“நான்தான் வெட்டினேன்!” என்று கத்தினார் ஜகபர் அலி. “புதன்கிழமை! இந்தக் கையால!”

ராமகிருஷ்ணன் துருவைச் சுரண்டினார். கண்ணாடியை வைத்தார். துள்ளி எழுந்தார்.

“அட, ஆமா! உளி வெட்டு! சீமைக்காரன் ஒரே அடியில இறக்கியிருப்பான். அப்ப ஓலை மட்டுந்தான் நெசம்! அதுக்கு முந்தின, புகை கக்குற கறுப்பு வெடிமருந்துக் காலம்! நூறு தாண்டிருச்சு பாய், சத்தியமா தாண்டிருச்சு!”

ஜாஹிதா கைதட்டினாள். ஜகபர் அலி துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பச்சைமுத்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

“அப்ப குடுங்க பாய். புதுசா இருந்தா லைசென்ஸ் எழுதிக் குடுத்து இங்கியே விட்டுட்டு வரச் சொன்னாங்க. பழசத்தான் மெட்ராஸ் மியூசியத்துக்கு எடுத்தாரச் சொல்லி ஆர்டர்.”