ஸ்டார்ட்டர் மோட்டார் விசாரணைக் குழு

உலகில் எத்தனையோ குழுக்கள் கூடியிருக்கின்றன. போரை நிறுத்தியவை உண்டு, எல்லை வகுத்தவை உண்டு. ஆனால் எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்தினால் ஏன் 'டக்' என்று மட்டும் கேட்கிறது என்று ஆராய்வதற்காகக் கூடிய குழுவின் ஆழத்தை அவை எதுவும் எட்டியதில்லை என்பது என் துணிபு.

தலைவர், என் கணவர். அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தீர்மானம் போடாமல் ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது அநாகரிகம் என்று நினைப்பவர். ஆலோசகர், மாமனார். 'தொழில்நுட்ப வல்லுநர்', நான்கு வீடியோ பார்த்திருந்த கொழுந்தன். நான் குறிப்பெழுதுபவள். கையெழுத்து அழகாக இருப்பதால் பத்து வருடமாக என்னிடமே இருக்கும் பதவி. நான் எழுதியதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை, அப்படியே கையெழுத்திடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

கொஞ்சம் அவசரமும் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்கு லைசென்ஸ் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இதையும் விட்டால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். வண்டியில் உதைத்துக் கிளப்பக் கிக்கரும் இல்லை. பொத்தானே கதி.

திங்கள், முதல் அமர்வு.

"பேட்டரி போயிடுச்சு," என்றார் வல்லுநர்.

"பொத்தானை அமுக்கறப்ப லைட்டு மங்கவே இல்லையே தம்பி," என்றேன். "போன வருஷம் நம்ம மிக்ஸியும் இப்படித்தான் நின்னுச்சு. மோட்டார் உள்ள கார்பன் தேஞ்சிருந்துச்சு. ஒரு தட்டு தட்டினா சுத்துச்சு."

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். அது கடுமையின் அறிகுறி.

"மிக்ஸியும் மோட்டார் சைக்கிளும் ஒண்ணா? இதெல்லாம் குறிப்புல ஏத்தாத."

ஏற்றவில்லை. புது பேட்டரி வந்தது. 'டக்'.

செவ்வாயன்று பிளக் மாற்றப்பட்டது. 'டக்'. புதனன்று ஆலோசகர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மூஞ்சி வெயிலைப் பாத்து நிக்குது. சோர்ந்து போகாம என்னடா பண்ணும்?" வண்டி ஒருமனதாகத் திருப்பி நிறுத்தப்பட்டது. நிழலிலும் 'டக்'.

வியாழன்தான் பெரும் திருப்பம்.

"வண்டில கோளாறு இல்லன்னா," என்றார் தலைவர் மெல்ல, "அமுக்கற விரல்லதான் கோளாறு."

"அதான்ணே! அண்ணி அமுக்கின கட்டைவிரலை எடுக்காமலே வெச்சிருப்பாங்க."

"மாமா, நாளைக்கு எனக்குத் தேர்வு…"

"தேர்வு எங்கம்மா போகுது? முதல்ல விரலைப் பாப்போம்."

'கட்டைவிரலின் நடத்தை குறித்து வெள்ளி காலை ஒன்பது மணிக்கு விசாரணை' என்று என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு விரலை ஒருமுறை பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்தவர் முடிவைப் பத்து வருடம் அழகாக எழுதினால், அது பேனா வழியே மேலேறி உள்ளே குடியேறிவிடுகிறது. இந்தப் பதவியின் தனிச்சிறப்பு அது.

வெள்ளி. மூவரும் கூடத்தில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்தேன். வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய், ஸ்பேனரின் பிடியால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் இரண்டு தட்டு. பொத்தானை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. குழுவோ என் கட்டைவிரலைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்ததால், அந்த விரல் செய்த வேலையின் சத்தத்தைக் கேட்க நேரமில்லை.

தேர்வு மைதானத்தில் எட்டுப் போட்டு முடித்ததும் அதிகாரி அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். 'டக்'. இறங்கி, கூடவே எடுத்துவந்த ஸ்பேனரால் தட்டினேன். கிளம்பியது.

"என்னம்மா, வண்டிக்கு வைத்தியமா?"

"கார்பன் தேஞ்சு போச்சு சார்."

"எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமையே."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"விசாரணை நடக்குது சார்."

அவரும் அலுவலகத்தில் இருப்பவர்தானே. மேற்கொண்டு கேட்காமல், தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்.

நான் திரும்பியபோது மணி பதினொன்றரை. அமர்வு முடியவில்லை.

"தண்ணி எடுக்க ரெண்டரை மணி நேரமா?" என்று சீறினார் கணவர். "எழுத ஆளில்லாம தீர்மானம் அப்படியே நிக்குது!"

"என்ன தீர்மானம்ங்க?"

"உன் கை பட்டா வண்டி கிளம்பாது. ஒருமனதா முடிவாயிடுச்சு. எழுது."

சாவியை மேசையில் வைத்துவிட்டு, என் மிக அழகான கையெழுத்தில் எழுதினேன்:

'கோளாறு கண்டறியப்பட்டது. எவ்வளவு அழுத்தினாலும் டக் என்று ஒரு சத்தம் வரும், உள்ளே எதுவும் சுற்றாது. கொட்டகையில் ஒன்று, கூடத்தில் மூன்று. கொட்டகையில் இருப்பதற்கு மட்டும் உதிரிபாகம் கிடைக்கும்.'

மூவரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.